டெரிவேட்டிவ் - ஒரு வசவின் பூர்வீகம்

மூணு வாரமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. ஆணி அதிகம். முதுகலை ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்தது. இரண்டாவது அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரே வரி. "இது கொஞ்சம் டெரிவேட்டிவாக இருக்கிறது."

அவ்வளவுதான். தப்பு என்று சொல்லவில்லை. காப்பி அடித்தாய் என்றும் சொல்லவில்லை. ஆனால் படித்தவுடன் காது சூடாகிவிட்டது. "உன் சரக்குன்னு இதுல ஒண்ணும் இல்லையேம்மா"ங்கிறதை மரியாதையாச் சொன்னா அதுதான் டெரிவேட்டிவ்.

அன்னிக்கு சாயங்காலமே வீட்ல கரண்ட் போச்சு. வீடுன்னா, பல்லாரோ சந்தைக்குப் பின்னாடி நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற ஒரு பழைய மாடி. வந்த எலக்ட்ரீஷியன் சமையலறைச் சுவரில் இருந்த ஒரு சின்ன சதுரப் பெட்டியைத் திறந்து, ரெண்டு ஒயரைப் பிரித்து மாட்டி, "தெரிவத்சியோனே பிரச்னை" என்று சொல்லிவிட்டு காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நம்ம ஊர்ல ஜங்ஷன் பாக்ஸ்னு சொல்றோமே, அதுக்கு இத்தாலிய மொழியில் பேரு "தெரிவத்சியோனே பெட்டி". மெயின் லைனிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற இடம்.

காலையில் எனக்கு வசவு, சாயங்காலம் எனக்கு விளக்கு. ரெண்டும் ஒரே சொல்! அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அகராதியை எடுத்து உட்கார்ந்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

ஓடையிலிருந்து

லத்தீனில் "ரீவுஸ்" என்றால் ஓடை, சின்ன வாய்க்கால். "டே" என்றால் அதிலிருந்து. இரண்டும் சேர்ந்தால் "டேரிவாரே". ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோவது. அதாவது நம்ம பாஷையில் வாய்க்கால் வெட்டுவது. இதுதான் டெரிவேட்டிவின் பாட்டன். பிரெஞ்சு வழியாக இது ஆங்கிலத்துக்குள் 14ஆம் நூற்றாண்டில் நுழைந்தது.

இங்கே ஒரு குழி இருக்கு, நானும் விழுந்தேன். ஆங்கிலத்தின் "ரிவர்" இதே வேர்தானே என்று தோன்றும். இல்லை. ரிவர் வந்தது "ரீப்பா"விலிருந்து, அதாவது கரை. ஓடைக்கு உண்மையான உறவுக்காரன் யார் தெரியுமா? "ரைவல்". போட்டிக்காரன், எதிராளி. லத்தீனில் "ரீவாலிஸ்" என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பக்கத்து நிலத்துக்காரன். ரோமானியச் சட்ட நூல்களில் அந்தப் பொருளிலேயே வருகிறது. ஒரே வாய்க்காலில் ரெண்டு பேர் தண்ணி எடுத்தா அவங்க எப்படி இருப்பாங்கன்னு அந்தக் காலத்திலேயே தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 1924 ஒப்பந்தம், 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது என்று ஒரு நூற்றாண்டாக ரீவாலிஸ் அகராதியைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். மாநிலம் மாநிலமா மட்டும் இல்லை. எங்க ஊரு பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டப்போ என் ஆய்வேட்டைப் பத்திப் பேசவே விடலை. "ஏம்மா, புது ஆத்துல தண்ணி வந்துடுச்சு, ஆனா நம்ம மடைக்கு இன்னும் வரலை. மேல உள்ளவன் பூரா அடைச்சு வெச்சிருக்கான்." இதைப் பத்தே நிமிஷத்துல நாலு தடவை சொன்னார்.

புது ஆறு என்றால் என்ன என்று டெல்டாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்த்து முடித்த கல்லணைக் கால்வாயைத்தான் எங்க பக்கம் புது ஆறு என்கிறோம். கல்லணையில் பிரிந்து சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, பழைய ஆறுகள் எட்டாத மேட்டு நிலத்தில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மனுஷன் வெட்டினதுதான். காவிரியிலிருந்து டெரிவ் ஆனதுதான். ஆனா அதுக்கு ஊர் வெச்ச பேரு கால்வாய் இல்லை, ஆறு! சின்ன வயசுல அது வெட்டின வாய்க்கால்னே எனக்குத் தெரியாது.

சொல்லுக்குள் வந்த தண்ணீர்

தண்ணீர் எப்படிச் சொல்லுக்குள் போனது? ரோமானிய இலக்கண ஆசிரியர்கள்தான் கொண்டுபோனார்கள். ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல் பிறப்பதை வாய்க்கால் பிரிவதோடு ஒப்பிட்டார்கள். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிஷியன் எழுதிய பெரிய லத்தீன் இலக்கணத்தில் மூலச்சொல் ஒரு வகை, டெரிவேட்டிவ் சொல் இன்னொரு வகை. 12ஆம் நூற்றாண்டில் பீசா ஊர்க்காரரான உகுச்சோனே ஒரு பெரிய சொற்பிறப்பு அகராதியே எழுதி அதற்கு "டெரிவேஷன்கள்" என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த தாந்தே அதை எடுத்துப் புரட்டியிருக்கிறார். ஆங்கிலத்திலும் 15ஆம் நூற்றாண்டில் டெரிவேட்டிவ் முதலில் இலக்கணச் சொல்லாகத்தான் வருகிறது. அதில் இளக்காரம் ஒன்றும் கிடையாது.

உகுச்சோனேவுக்குக் கிட்டத்தட்ட சமகாலத்தில், அல்லது சற்றுப் பின்னால், நம்ம பவணந்தி முனிவர் நன்னூலில் அதே வேலையைச் செய்கிறார். பிரிக்க முடிந்தால் பகுபதம், முடியாவிட்டால் பகாப்பதம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பத்தாங்கிளாஸ்ல கடம் அடிச்சோமே, அதே கதைதான். "பகுபதம்னா மட்டம்"னு எந்தத் தமிழ் வாத்தியாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பலேர்மோவின் வாய்க்கால்கள்

நான் இந்த ஊரில் படிக்க வந்ததே தண்ணீருக்காகத்தான். என் ஆய்வேடு பலேர்மோவின் பழைய பாசன முறையைப் பற்றியது. வசவு வாங்கிய இரண்டாவது அத்தியாயம் இங்கே நிலத்தடியில் ஓடும் கனாத்துகளின் வரலாறு.

கி.பி. 831-ல் அரபிகள் பலேர்மோவைப் பிடித்தார்கள். 1072-ல் நார்மன்கள் வரும்வரை ஊர் அவர்கள் கையில். அவர்களோடு வந்ததுதான் கனாத்து என்கிற பாரசீகத் தொழில்நுட்பம். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடத்தில் ஒரு தாய்க்கிணறு. அங்கிருந்து ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சுரங்க வாய்க்கால். மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே சரிவு. மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை, தண்ணீர் தானாக நடந்து தோட்டத்துக்கு வந்துவிடும். பின்னால் ஜெஸ்யூட் பாதிரிமார் நிலத்தில் இருந்ததால் அவர்கள் பெயரிலேயே அழைக்கப்படும் கனாத்து ஒன்றில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தொடை வரைக்கும் தண்ணீரில், நானும் நடந்திருக்கிறேன். சுவர் முழுக்க மண்வெட்டித் தழும்பு.

தண்ணீர் வேலையோடு தண்ணீர் வார்த்தைகளும் வந்தன. இன்றைக்கும் சிசிலி விவசாயி தொட்டியை ஜெப்பியா என்கிறார், வாய்க்காலை சாயா என்கிறார், நீரிறைக்கும் சக்கரத்தை சேனியா என்கிறார், சுடுமண் குழாயை கதூசு என்கிறார். ஊற்றுக்கு ஃபவாரா. அத்தனையும் அரபி. நார்மன் வந்தான், ஸ்பெயின்காரன் வந்தான், இத்தாலி வந்தது. ஆட்சி மொழி மாறிக்கொண்டே இருந்தது, மடை திறப்பவன் மொழி மாறவில்லை. தண்ணீரின் அளவுக்கு இங்கே இருந்த பழைய பெயர் "ட்சாப்பா". அப்படின்னா மண்வெட்டி! ஒரு மண்வெட்டித் தண்ணீர், அதில் கால் பங்கு ஒரு "தார்போ" என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ரொம்பச் சிரிக்க வேண்டாம். டெல்டாவில் ஊர் கூடி வாய்க்கால் தூர்வாருவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் குடிமராமத்து. அதில் குடி நம்முடையது, மராமத்து அரபியிலிருந்து வந்தது. பலேர்மோ வாய்க்காலுக்கும் பேராவூரணி வாய்க்காலுக்கும் ஒரே சொந்தக்காரர்கள் பேர் வெச்சிருக்காங்க.

இன்னொரு விஷயம். இத்தாலியச் சட்டத்தில் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டால் அதற்குப் பெயர் இன்றும் "தெரிவத்சியோனே"தான். 1933-ல் வந்த 1775-ஆம் எண் தண்ணீர்ச் சட்டம் முழுக்க இந்தச் சொல் ஓடுகிறது. ஆங்கிலம் மறந்துபோன முதல் பொருளை இத்தாலி எலக்ட்ரீஷியனும் பொதுப்பணித்துறையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். 2024-ல் வறட்சி வந்து பலேர்மோவில் முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது என் இத்தாலியத் தோழிகள் எல்லாம் பதறினார்கள். எனக்கு மட்டும் ஊர் ஞாபகம் வந்தது. முறைத்தண்ணிதானே, பழக்கம்தான்.

ஓடையா, வாய்க்காலா?

இந்த ஊரை விட்டு நகர்வதற்கு முன்னால் ஒரு கவிதைக் கதை. இரண்டாம் பிரெடரிக் என்று ஒரு சக்கரவர்த்தி. 1194-ல் பிறந்து 1250-ல் செத்தார், பலேர்மோ தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. அவர் அரசவையில் சில அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் கவிதை எழுதினார்கள். சரக்கு பூராவும் தெற்குப் பிரான்ஸின் புரோவென்சால் பாணர்களிடமிருந்து எடுத்தது. காதலி தலைவி, காதலன் அடிமை, அதே புலம்பல். மொழி மட்டும் சிசிலி. இன்றைய விமர்சகர் யாராவது அங்கே இருந்திருந்தால் ஓரத்தில் பென்சிலால் என்ன எழுதியிருப்பார்? அதேதான்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஜாகோமோ த லெந்தினி என்று ஒரு நோட்டரி. பத்திரம் எழுதுகிற ஆள். பதினாலு வரியில் ஒரு புது வடிவத்தைக் கட்டினார். அதுதான் சானெட். அவர்தான் கண்டுபிடித்தவர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அது டஸ்கனிக்குப் போனது. தாந்தே எடுத்துக்கொண்டார், பெட்ரார்க் எடுத்துக்கொண்டார். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது, 1609-ல் ஷேக்ஸ்பியரின் சானெட் தொகுதி அச்சில் வந்தது. இத்தாலியர்கள் எழுதும் கவிதைக்கெல்லாம் சிசிலிக் கவிதை என்றே பெயர் இருந்ததாக தாந்தே பதிவு செய்திருக்கிறார். புரோவென்சுக்கு வாய்க்காலாக இருந்தது டஸ்கனிக்கு ஆறாகிவிட்டது. எங்க புது ஆறு மாதிரியே.

இதுல ஒரு சோகமும் உண்டு. அந்தச் சிசிலிக் கவிதைகளில் பெரும்பாலானவை மூல வடிவத்தில் நம் கைக்கு வரவில்லை. டஸ்கனி எழுத்தர்கள் தங்கள் மொழி வாடைக்கு மாற்றி எழுதிய பிரதிகளில்தான் பிழைத்தன. சில இடங்களில் எதுகை உடைந்திருப்பதை வைத்துத்தான் மூலம் சிசிலி என்றே கண்டுபிடிக்கிறார்கள். ஓடை வற்றிப்போச்சு, வாய்க்காலில் தேங்கின தண்ணிதான் மிச்சம்.

கணக்கு, மருந்து

டெரிவேட்டிவ் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது பிளஸ் டூ கணக்கு. அங்கேயும் முதலில் தண்ணீர்தான். நியூட்டன் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு அளவை "ஓடுவது" என்றும், அது மாறும் வேகத்தை "ஃப்ளக்ஷன்", அதாவது ஓட்டம் என்றும் அழைத்தார். 1671 வாக்கில் எழுதிய அந்தப் புத்தகம் அவர் செத்த பிறகு 1736-ல்தான் வெளிவந்தது. அதே 1736-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஜூசெப்பே லுயிஜி என்று ஒரு குழந்தை பிறந்தது. பின்னால் பிரெஞ்சுக்காரராகக் கொண்டாடப்பட்ட லக்ராஞ்ச் இவர்தான். 1797-ல் வந்த தன் புத்தகத்தில் ஓட்டமும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவும் வேண்டாம், ஒரு சார்பிலிருந்து இன்னொரு சார்பைத் தருவித்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு "தருவிக்கப்பட்ட சார்பு" என்று பெயர் வைத்தார். எழுத்துக்கு மேலே நாம் போடும் அந்தச் சின்னக் கோடும் அவர் உபயம்தான்.

தமிழ்நாட்டில் நாம் இதை வகைக்கெழு என்று படித்தோம். எனக்கு ரொம்ப நாள் புரியாதது, இதில் கெழு எங்கே வந்தது என்பது. கெழு என்றால் கோஎஃபிஷியன்ட். பழைய ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் டெரிவேட்டிவுக்கு "டிஃபரன்ஷியல் கோஎஃபிஷியன்ட்" என்றுதான் பெயர். பிரெஞ்சுக்காரர் லக்ருவாவின் புத்தகத்தை 1816-ல் கேம்பிரிட்ஜில் பாபேஜும் நண்பர்களும் மொழிபெயர்த்தார்கள், அந்த வழியில் ஆங்கிலத்தில் பரவிய சொல். வகைக்கெழு அந்தப் பழைய சொல்லின் நேர் தமிழ். ஈழத்து நண்பர்கள் பெறுதி என்று படிக்கிறார்கள். பெறப்படுவது பெறுதி. நேராக லக்ராஞ்சைத் தொடும் சொல் அது. எங்க வாத்தியார் பெறுதின்னு சொல்லியிருந்தா எனக்குக் கணக்கு கொஞ்சம் சீக்கிரம் ஏறியிருக்குமோ என்னவோ.

வேதியியலில் ஒரு மூலப்பொருளில் சின்ன மாற்றம் செய்து கிடைப்பது டெரிவேட்டிவ். வில்லோ மரப்பட்டை மருந்தோடு தொடர்புடைய சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியது. 1897-ல் ஜெர்மனியில் அதில் ஒரு சின்ன ஒட்டு வேலை பார்த்தார்கள், ஆஸ்பிரின் கிடைத்தது. தலைவலி வந்தவன் யாரும் இதைப் பார்த்து "சொந்தச் சரக்கில்லையே"ன்னு கேட்டதில்லை. பழைய ஐரோப்பிய மருத்துவத்திலும் இந்தச் சொல் உண்டு. உடம்பில் ஓரிடத்தில் தேங்கிய கெட்ட நீரைக் கொப்புளம் போட்டு வேறு பக்கம் இழுப்பதற்கு டெரிவேஷன் என்று பெயர். அங்கேயும் வாய்க்கால்தான்.

எப்போது வசவானது?

இலக்கணம், கணக்கு, மருந்து எல்லாவற்றிலும் கௌரவமாக இருந்த சொல், இலக்கியத்தில் மட்டும் எப்படி வசவானது? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு காற்று அடித்தது. 1710-ல் முதல் காப்புரிமைச் சட்டம் வந்து எழுத்து ஆசிரியனின் சொத்து ஆனது. 1759-ல் எட்வர்ட் யங் என்ற கவிஞர் மூலப் படைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மூலப் படைப்பு செடி மாதிரித் தானாக முளைப்பது, போலி என்பது பிறர் சரக்கில் கைவேலையாகச் செய்வது என்பது அதன் சாரம். அடுத்து வந்த ரொமாண்டிக் தலைமுறை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கவிஞன் என்றால் ஊற்று. வாய்க்கால் வெட்டுகிறவன் கூலியாள். அந்த மனநிலை வேர்விட்ட மண்ணில்தான் டெரிவேட்டிவ் ஒரு விமர்சன வசவாக முளைத்தது.

பிறகு அது மனிதர்களைத் தாண்டி நாடுகள் மேலேயே விழுந்தது. காலனி நாடுகளின் தேசியம், நாவல், அறிவியல் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து இறவல் வாங்கியதுதானா? 1986-ல் பார்த்தா சாட்டர்ஜி இந்தியத் தேசியச் சிந்தனையைப் பற்றிய தன் புத்தகத்தின் துணைத்தலைப்பில் இந்தச் சொல்லையே போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அந்தக் கேள்விக்குறி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம்மிடம் இதற்குத் தனியாக ஒரு கணக்கு இருந்தது. தொல்காப்பியம் நூல்களை முதனூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூலிலேயே நாலு வகை சொல்கிறது: தொகுத்தல், விரித்தல், ரெண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்ப்பு. நன்னூல் இதோடு சார்புநூல் என்று மூன்றாவதைச் சேர்க்கிறது. வழிநூல் என்றால் முன்னோர் நூலை ஒட்டிப் போனாலும், பின்னால் வருபவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்க்க வேண்டும் என்பது பவணந்தியின் நிபந்தனை. அதாவது டெரிவேட்டிவ் வொர்க்கை நூலின் ஒரு வகையாகவே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 1976 அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் டெரிவேட்டிவ் வொர்க்குக்கு வரையறை எழுதுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடி. வால்மீகிக்குக் கம்பன் வழிநூல். கம்பனைப் பார்த்து "கொஞ்சம் டெரிவேட்டிவ்"னு பென்சிலால் எழுதிப் பாருங்க, என்ன நடக்குதுன்னு :-)

ஆற்றை விடப் பெரிய வாய்க்கால்

இப்படியே எழுதிப் பெருமை பேசி முடித்துவிடலாம்னுதான் நினைச்சேன். ஆனால் இன்றைக்கு டெரிவேட்டிவ் என்று கூகுளில் போட்டால் முதலில் வருவது கம்பனும் இல்லை, லக்ராஞ்சும் இல்லை. பங்குச்சந்தை. இன்னொரு பொருளின் விலையிலிருந்து தன் மதிப்பைப் பெறும் ஒப்பந்தம்.

இதுவும் பிறந்தபோது நல்ல வாய்க்கால்தான். 1730-ல் ஜப்பானின் ஓசாகாவில் டோஜிமா அரிசிச் சந்தையின் முன்பேர வியாபாரத்தை அரசு அங்கீகரித்தது. 1848-ல் சிகாகோவில் தானியச் சந்தை ஆரம்பித்தார்கள். அறுவடைக்கு முன்பே விலையை உறுதி செய்துகொண்டால் விவசாயிக்கு நிம்மதி. இந்தியாவில் 2000 ஜூனில் குறியீட்டு எண் ஃபியூச்சர்ஸ் தொடங்கியது. அப்புறம்? உலகம் முழுக்க சந்தைக்கு வெளியே நடக்கும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களின் முகமதிப்பு 2023 இறுதியில் 600 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அந்த வருஷம் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து உற்பத்தி செய்தது சுமார் 105 லட்சம் கோடி டாலர். முகமதிப்பு வேறு, கைமாறும் பணம் வேறு என்பது தெரியும். இருந்தாலும் ஆற்றை விட ஆறு மடங்கு பெரிய வாய்க்காலை நினைத்துப் பாருங்கள்.

அதன் கடைமடையில் யார் இருக்கிறார்கள்? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த 93 சதவீதத்தில் என் சித்தப்பா பையனும் ஒருத்தன். சென்னையில் வேலை பார்த்துச் சேர்த்த காசும், சித்தியின் ரெண்டு வளையலும் போச்சு. அவனைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. எங்க வயலுக்காவது மேல இருக்கிறவன் அடைச்சுக்கிட்டான்னு சொல்லலாம். இதில் தண்ணீரே கீழிருந்து மேலே பாய்கிறது.

என் இரண்டாவது அத்தியாயம்

ஆக, டெரிவேட்டிவ் என்பது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று கேட்டால் எனக்குத் தெரிந்த ஒரே அளவு அப்பா கேட்கிற கேள்விதான். தண்ணி கடைசி மடைக்குப் போச்சா? எங்கேயிருந்து எடுத்தது என்பது ரெண்டாவது கேள்வி. கனாத்து போச்சு. சானெட் போச்சு. புது ஆறு 1934-லிருந்து போய்க்கொண்டிருக்கிறது, சில வருஷம் தவிர.

இந்தத் தெம்போடு வரைவை மறுபடி எடுத்துப் படித்தேன். பேராசிரியரிடம் போய் தொல்காப்பியம், கம்பன் என்று வாதம் பண்ணலாம் என்றுதான் எண்ணம். படிக்கப் படிக்க முகம் தொங்கிவிட்டது. இரண்டாவது அத்தியாயம் மூன்று இத்தாலியப் புத்தகங்களின் சுருக்கம். தொகுத்தல்கூட இல்லை, அடுக்கி வைத்தல். கனாத்துக்குள் நான் நடந்தது அதில் இல்லை. ட்சாப்பா என்றால் மண்வெட்டி என்று தெரிந்தபோது எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்பது இல்லை. முறைத்தண்ணிக்குச் சண்டை போட்ட ஊரிலிருந்து வந்த ஒருத்தி இந்த ஊர் மடையைப் பார்க்கும்போது என்ன தெரிகிறது என்பது ஒரு வரிகூட இல்லை. ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பியிருக்கிறேன், சரி. ஒரு வயலுக்கும் கொண்டுபோகலை. பவணந்தி பார்த்திருந்தாலும் பென்சிலை எடுத்திருப்பார்.

அதனால் அந்த அத்தியாயத்தை முழுசாகக் கிழித்துப் போட்டுவிட்டு, பலேர்மோவின் ட்சாப்பாவையும் நம்ம டெல்டாவின் முறைப் பாசனத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத ஆரம்பிச்சிருக்கேன். அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நடுவில் அப்பாவுக்கும் தினமும் போன் பண்ணி மடை, தலைப்பு, கலிங்கு, வாமடை என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஆய்வேட்டுக்காம்மா இதெல்லாம் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். நேத்துதான் எங்க மடைக்குத் தண்ணி வந்துச்சாம், முழங்கால் அளவு.

உங்க ஊர்ல தண்ணீரைப் பிரிக்கிற இடத்துக்கு என்ன பேரு? பங்கு போட என்ன அளவு வெச்சிருந்தாங்க? ராமநாதபுரம் கண்மாய்க்காரங்க, தாமிரபரணிக்காரங்க, யாழ்ப்பாணத்துக் கிணத்துக்காரங்க, வன்னிக் குளத்துக்காரங்க எல்லாரும் பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. ஆய்வேட்டில் நன்றியோடு சேர்த்துக்கொள்கிறேன். டெரிவேட்டிவ்தான், பரவாயில்லை.